காலிச் சட்டிப் பாட்டு

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

உங்கள் நாடகத்துக்கு வந்திருந்தேன். பதுளை மண்டபத்தில் நான்காவது வரிசை, ஓரத்து நாற்காலி. நல்ல நாடகம். பாட்டில்லை, ஆட்டமில்லை, ராஜா இல்லை. ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு பேர், நிறைய மௌனம். இரண்டு மணி நேரம் ஒருவர்கூட இருமவில்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது. நம் ஜனம் இருமாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால் ஒன்று, கதைக்குள் விழுந்துவிட்டது. இல்லையென்றால் கடைசி பசறை பஸ் போயிருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. என் பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டாவது வகை.

முடிந்து தேநீர் குடிக்கும்போது உங்களில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "ஐயா, இத்தன வருசம் பாட்டு நாடகத்துக்குப் பொட்டி வாசிச்சிருக்கீங்க. கத அரைகொற, வேசம் கிழிசல், செத்தவன் எழும்பிப் பாடுறான். அப்புறம் ஏன் சனம் இன்னமும் அதுக்கே அழுவுது, அதுக்கே சிரிக்குது?"

வாயில் பணிஸ் இருந்ததால் அப்போது தப்பித்தேன். பிறகு நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து, புதிதாக மேடைக்கு வருகிறவர்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி கடிதம் போட்டீர்கள். அனுபவம் என்பது வேறொன்றுமில்லை. செய்த பிழைகளை, அடிக்க ஆளில்லாத காலத்தில் பெருமையாகச் சொல்வது. என்னிடம் நிறைய இருக்கின்றன. பெரிய ஒன்றை மட்டும் தருகிறேன்.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பகலில் தேயிலைத் தொழிற்சாலைக் கிளாக்கர், ஞாயிற்றுக்கிழமைகளில் பொட்டிக்காரன். கால் ஆர்மோனியம். காலால் மிதித்துக் காற்றடித்து, கையால் வாசிக்க வேண்டும். இப்போது ஐம்பது தாண்டியதும் முழங்கால் மிதிக்க மாட்டேன் என்றுவிட்டது. ஓய்வுக்குக் காரணம் அவ்வளவுதான். கலை என்னை விடவில்லை என்றெல்லாம் பேசமாட்டேன். முழங்கால் விட்டது, கலையும் கூடவே போய்விட்டது.

முதலில் ஒன்ஸ் மோர். உங்கள் தலைமுறைக்கு அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் நாடகத்தில் பாட்டு நன்றாக இருந்தால் ஜனம் "ஒன்ஸ் மோர்" என்று கத்தும். கத்தினால் பாடியவர் திரும்பப் பாடவேண்டும். அவர் காட்டில் அலைந்துகொண்டிருந்தாலும் சரி, சிறையில் இருந்தாலும் சரி, செத்திருந்தாலும் சரி. பெருமாள் என்று ஒரு தொழிலாளி எங்கள் சபாவில் பெண்வேஷம் கட்டுவார். ராணியாகப் பாடிக்கொண்டே விஷம் குடித்துச் சாவார். ஜனம் கத்தும். செத்த ராணி எழும்பி, முந்தானையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, முழுப் பாட்டையும் பாடி, இந்த முறை கொஞ்சம் சாணி இல்லாத இடமாகப் பார்த்து விழுவார். ஒரே நாடகத்தில் மூன்று தடவை செத்த நாளும் உண்டு. உங்களுக்கு அபத்தமாகத் தெரியும். எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: வேலையும் வீடும் இருக்கிற ஊரும் யாரோ தீர்மானிக்கிற இடத்தில், செத்தவரை எழுப்பும் அதிகாரம் மட்டும் எங்கள் ஜனத்தின் கையில் இருந்தது. அதை எப்படி விடுவார்கள்?

எங்கள் நாடகம் விடிய விடிய நடப்பது. அதற்கு ஒரு திங்கட்கிழமை முடிவு கட்டியது. காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்குத் தோட்டத்துத் தொரை வந்து பார்த்தால், களத்தில் ஒரு கங்காணியும் ஒரு நாயும் மட்டும் நின்றார்கள். கங்காணி நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற எல்லோரும் முதல்நாள் நாடகம் பார்த்த அலுப்பில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்துக்குள் கிடந்தார்கள். தொரை அங்கேயே உத்தரவு போட்டார்: இனிமேல் நாடகம் பகலில்தான், ஞாயிற்றுக்கிழமை இரண்டிலிருந்து ஆறு வரை. மீறினால் நாடகமே கிடையாது.

பெட்ரோமாக்ஸ் விளக்கு இரக்கமுள்ளது. சூரியன் அப்படியில்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் செய்த கிரீடம் ராத்திரியில் வைரமாக மின்னும். மத்தியானம் மூன்று மணிக்கு அது பார்க்கிறவன் கண்ணைக் குத்தியது. கச்சான் காற்று ராஜாவின் மீசையைப் பிய்த்துக்கொண்டு போய் முன்வரிசையில் ஒரு அம்மாவின் மடியில் போட்டது. அவர் அதைப் பத்திரமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருமாளின் தாடை. விளக்கு வெளிச்சத்தில் பவுடருக்குள் ஒளிந்திருந்த தாடி, வெயிலில் நெல் நாற்று மாதிரி எழும்பி நின்றது. ராணி உருகி உருகிப் பாடும்போது ஒரு கிழவர் எழுந்து சொன்னார்:

"ராணியம்மா, போயி சவரம் பண்ணிட்டு வாங்க. அவசரமில்ல, நாங்க இருக்கோம்!"

அன்றைக்கு ராணி செத்தபோது யாரும் ஒன்ஸ் மோர் கேட்கவில்லை. பெருமாள் இரண்டு நிமிடம் படுத்துக் காத்திருந்து பார்த்துவிட்டு, தானாக எழும்பிப் போய், "நாளையில இருந்து எனக்குப் பஃபூன் வேசம் குடுங்க, தாடி இருந்தாலும் பாதகமில்ல" என்றார்.

அப்படியாக, வெயில் எங்கள் சபாவுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தது.

செல்லாயி கொழுந்து எடுக்கிறவள். வயது இருபத்தைந்து இருக்கும். மலையில் அவள் பாடினால் இரண்டு மலை தள்ளிக் கூடை சுமக்கிறவள் தலை நிமிர்த்துவாள். எங்கள் வாத்தியார் (கதை எழுதி நாடகம் பழக்குகிறவரை அப்படித்தான் சொல்வோம்) அவளைக் கேட்க, அவள் உடனே சரி என்றுவிட்டாள். கேட்கவேண்டிய இடம் வேறு. பெரட்டில் நின்று தூங்கினார் என்று சொன்னேனே, அந்தக் கங்காணி சுப்பையா, அவளுடைய அண்ணன். தகப்பன் இல்லாத வீட்டில் அவர்தான் எல்லாம். வாத்தியாரும் நானும் போனோம். அவர் காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் எங்களிடம் பேசினார். கோட்டில்லாமல் அவருக்கு முடிவெடுக்க வராது.

"பொம்பள மேடையேறுனா ஊரு என்னா பேசும், வாத்தியாரே?"

"நல்லாப் பாடுனான்னு பேசும்."

"நீங்க பேசுவீங்க. லயத்துல வேற பேசுவான்."

உள்ளேயிருந்து செல்லாயி குரல் கொடுத்தாள். "மலையில நாள் பூரா பாடுறேன், அதக் கேட்டுக்கிட்டு நீங்கதான் வேல வாங்குறீங்க. அது குத்தமில்ல, பலகையில ஏறி நின்னு பாடுனாக் குத்தமாண்ணே?"

சுப்பையா கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரு தடவ. ஒரே தடவ பாப்பேன். நான் அங்கனயே ஒக்காந்திருப்பேன். எந்தங்கச்சியப் பாத்து ஒருத்தன் சிரிச்சான்னா, ஒரே ஒருத்தன், அப்பிடியே மேடையேறிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன். அதுக்கப்புறம் நாடகப் பேச்சே இந்த வீட்டுல இருக்கப்படாது."

"செரி" என்றாள் செல்லாயி, எங்களுக்கு முன்னால்.

கதை, நாட்டை இழந்த ராஜா, பிள்ளையை இழந்த ராணி. வாத்தியார் மூன்று கதைகளைப் பிய்த்து ஒன்றாகத் தைத்தது. தையல் வெளியே தெரியும். ராணி செத்த மகனை மடியில் கிடத்திப் பாடும் பாட்டுத்தான் நாடகத்தின் உயிர். அதற்கு ஒரு புது மெட்டு வேண்டும். பழைய மெட்டைப் போட்டால் ஜனத்துக்குப் பெருமாளின் தாடை ஞாபகம் வந்துவிடும். ஞாபகம் வந்தால் சிரிக்கும். ஆகவே மெட்டைத் தேடிக்கொடுப்பது என் பொறுப்பு.

அந்த நேரத்தில்தான் எஞ்சின் தொரை வந்து சேர்ந்தார்.

புதிய தேயிலை உலர்த்தும் இயந்திரம் ஒன்றைப் பூட்டக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்காரர், ஐம்பது வயதுக்குமேல், எண்ணெய்க் கறை படிந்த காற்சட்டை. வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றன. ஏதோ ஒரு தோட்டத்து உருளை எடுத்துக்கொண்டதாம். இருபது வருடமாகத் தோட்டம் தோட்டமாகப் போய் வந்தவர், தமிழ் பேசுவார். ஆனால் தொரைமார் பழகுகிற தமிழில் கட்டளை மட்டும்தான் உண்டு. வா, போ, கொண்டா, தூக்கு, சும்மா இரு. பாராட்ட நினைத்தாலும் அவருக்குக் கட்டளையாகத்தான் வரும்.

ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், வேலை முடிந்த தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு நடுவே நாங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையில் ஸ்பேனரோடு படியேறி வந்தார். சத்தம் அதிகம் என்று திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பஃபூன் பெருமாள் ராஜாவின் காலைத் தடுக்கிவிட்டுத் தானே விழுகிற இடம். பார்த்துவிட்டு, "திரும்ப விழு!" என்றார். பெருமாள் விழுந்தார். "நல்லா விழு! இன்னும் விழு!" பெருமாள் எட்டுத் தடவை விழுந்தபிறகு, என்னைப் பார்த்து, "நீ எழும்பு" என்றார். எழும்பினேன். ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்தார்.

அப்புறம் கதை வந்தது. என் இங்கிலீஷும் அவருடைய தமிழும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. அவர் யூதர். லண்டன் பட்டணத்தின் கிழக்குப் பக்கம், ஏழைகள் தைத்தும் தோல் பதனிட்டும் பிழைக்கிற தெருக்களில் பிறந்தவர். தகப்பனார் அங்கே ஒரு நாடக சபா நடத்தினார். இத்திஷ் மொழியில் பாட்டு நாடகம். அப்படி ஒரு மொழி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுப்படியில், சந்தையில், சண்டையில் பேசுகிற மொழி. ஜெபத்துக்கு வேறு மொழி, அரசாங்கத்துக்கு வேறு மொழி. அதற்கென்று ஒரு நாடு கிடையாது. துரத்தப்பட்ட இடத்துக்கெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு போனார்களாம். படித்த ஆட்கள் அதை மொழி என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்களாம், கொச்சை என்பார்களாம். வாத்தியார் இதைக் கேட்டுவிட்டு, "நம்ம பேச்சப் பத்திப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சொன்னதத்தான் இவரும் சொல்றாரு" என்றார்.

அவர்கள் நாடகத்துக்கு வருகிறவர்கள் பொரித்த மீனும் தோடம்பழமும் கட்டிக்கொண்டு வருவார்களாம். மேடையில் இருக்கிறவனோடு கீழே இருக்கிறவன் பேசுவானாம். ஒரு நாள் வில்லன் கதாநாயகிக்கு விஷம் ஊற்றுவதைப் பொறுக்கமாட்டாமல் ஒரு அம்மா தோடம்பழத்தை எறிய, அது வில்லனைத் தாண்டி, கீழே பிடில் வாசித்துக்கொண்டிருந்த எட்டு வயது எஞ்சின் தொரையின் புருவத்தில் பட்டது. தழும்பைக் காட்டினார். அவருடைய அம்மாதான் கதாநாயகி.

"எங்க அம்மா ஒரே நாள் நாலு தரம் செத்துப்போகும். சனம் கத்தும். எழும்பும். பாடும். செத்துப்போகும்."

பெருமாளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. தன்னை வென்ற ஒரு ஆள் உலகத்தில் இருப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அந்தக் கொட்டகை இப்ப இருக்கா, தொரை?" என்று செல்லாயி கேட்டாள். இல்லை, யுத்தத்தில் குண்டு விழுந்தது என்றார். அதற்கு முன்பே பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷுக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னார். எது முதலில் என்று நான் கேட்கவில்லை.

பிறகு அம்மா பாடியதாக ஒன்றை வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு கட்டையிலும் இறங்கி ஏறி, நடுவில் ஒரு இடத்தில் மூச்சு நின்று திரும்புகிற மாதிரி ஒரு வளைவு. மேல்மாடி முழுக்க வாடிய கொழுந்தின் வாசனை. வாத்தியார் தாளைத் தேடினார். நான் கேட்டேன், "சோகப் பாட்டா, தொரை?" அவர் கையை ஆட்டி, "நல்ல பாட்டு. வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் உதிரிப்பாகம் பார்க்கக் கொழும்புக்குப் போய்விட்டார்.

இங்கேதான் என் பிழை. விரல் இல்லாத கை மெதுவாகத்தான் வாசிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதன் செத்துப்போன தாயின் பாட்டை, இடிந்துபோன கொட்டகையின் பாட்டை, இவ்வளவு மெதுவாக வாசித்தால் அது ஒப்பாரிதான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். திரும்ப ஒரு தடவை கேட்டிருக்கலாம். நல்ல மெட்டு கிடைத்த பொட்டிக்காரன் கேள்வி கேட்கமாட்டான். திருடன் திரும்பிப் பார்க்காத மாதிரி.

வாத்தியார் அன்றிரவே அடிகள் எழுதினார்.

*மண்ணாளப் பொறந்த மகனே – என்*
*மடியாள வந்தவனே*
*கண்ணாறப் பாக்குமுன்னே – நீ*
*கண்மூடப் பாத்தேனே*

செல்லாயி முதல் தடவை பாடியபோது பெருமாள் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. அதுவும் ஆபத்தான அறிகுறிதான், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவாரத்து ஞாயிற்றுக்கிழமை. பெரட்டுக்களத்தில் பலகை மேடை. மேலே நமுனுகுல மலை முகிலை மடியில் வைத்துக்கொண்டு இறக்கிவிடவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஐந்து லயத்து ஜனமும் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தது. முன்னால் நாற்காலிகள், அன்று காலைதான் திரும்பி வந்த எஞ்சின் தொரை நட்டநடு நாற்காலியில். அவருக்குப் பின்னால் கிளாக்கர்மார். ஜனத்துக்கு நடுவில், கோட்டுப் போட்டுக்கொண்டு, சுப்பையா கங்காணி.

செல்லாயி வந்தாள். வெயில் அவளை ஒன்றும் செய்யவில்லை. அதற்குப் பழகிய முகம். தலையணையைச் சேலையில் சுற்றிய மகனை மடியில் போட்டு, தேயிலைப் பெட்டிச் சிம்மாசனத்தின் காலடியில் உட்கார்ந்தாள். நான் மிதித்தேன். அவள் எடுத்தாள். முதல் அடியில் களம் அடங்கியது. இரண்டாம் அடியில் கிழவிகள் முந்தானையைத் தேடினார்கள். மூன்றாம் அடியில், அந்த மூச்சு நிற்கிற வளைவில், ஒரு சிரிப்புச் சத்தம்.

முதலில் தும்மல் மாதிரி. பிறகு அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்து, நாற்காலி கிரீச்சிட, முழங்காலில் அடித்துக்கொண்டு ஒரு மனிதன் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். எஞ்சின் தொரை.

தொரை சிரித்தால் கூடச் சிரிப்பது எங்கள் தோட்டத்தில் உத்தியோகத்தின் ஒரு பகுதி. பின்னால் இரண்டு கிளாக்கர்மார் எதற்கென்று தெரியாமலே பல்லைக் காட்டினார்கள். செல்லாயியின் குரல் அறுந்தது. ஜனத்துக்கு நடுவில் சுப்பையா எழுந்தார். கோட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே கால் வைத்து வைத்து, மேடையை நோக்கி நடந்தார்.

ஒரே ஒருத்தன் சிரிச்சான்னா, என்று சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிறவர்.

நெருக்கடியில் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டு எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்போது மூன்று வழி இருந்தது. பாட்டை நிறுத்தலாம்; நிறுத்தினால் சிரிப்பு ஜெயித்துவிடும். ராஜாவின் பாட்டுக்குத் தாவலாம். தாவினால் அவளை நானே மேடையிலிருந்து இறக்கின மாதிரி. படுதாவுக்குப் பின்னாலிருந்து பெருமாள், "பொட்டிக்காரரே, நான் வந்து விழட்டுமா? விழட்டுமா?" என்று பறந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு விரல் சுருதிக் கட்டையில் ஒட்டிக்கொண்டது, கால் தன்பாட்டில் மிதித்தது. பிற்பாடு பலர் அதைப் பெரிய நிதானம் என்றார்கள். பயத்தில் விறைத்துப்போன மனிதனும் நிதானமான மனிதனும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி இருப்பார்கள். ஆனால் சுருதி நிற்கவில்லை, பாருங்கள். சுருதி நிற்காத வரை நாடகமும் நிற்கவில்லை. அந்த ஒற்றைச் சத்தத்தைப் பலகை மாதிரி பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

செத்த மகனைச் சிம்மாசனத்தில் பக்குவமாகச் சாய்த்து வைத்தாள், கொஞ்சம் இரு, வருகிறேன் என்பது போல. இடுப்பில் கை வைத்தாள். அது ராணியின் நிலையல்ல. மலையில் கொழுந்துக்கூடையோடு நிற்கிற செல்லாயியின் நிலை.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. கங்காணியையோ தொரையையோ நேராக ஏதாவது சொன்னால் அன்றைக்கு வேலை இல்லை என்று லயத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். பாட்டாகச் சொன்னால் காதில் விழாத மாதிரிப் போய்விடுவார்கள். பாட்டுக்குக் கோபித்தவன் என்று பேரெடுக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. செல்லாயி அந்த வழக்கத்தை அப்படியே மேடைக்குத் தூக்கி வந்தாள். அதே மெட்டு. ஆனால் கொழுந்து பறிக்கிற கையின் வேகத்தில்.

*முன்வரிசைத் தொரைக்கு மூச்சு முட்டச் சிரிப்பு வருது*
*எம்மகன் செத்த சேதியில என்ன இனிப்பு இருக்குது?*

நான் அவள் பின்னால் ஓடினேன். முன்னால் போகவில்லை, தம்பிமாரே, பின்னால்தான். பொட்டிக்காரன் கற்கவேண்டியது அது ஒன்றுதான். அவள் திரும்பி, ஜனத்துக்கு நடுவில் ஒரு காலைத் தூக்கியபடி நின்ற சொந்த அண்ணனைப் பார்த்தாள்.

*நட்டநடுக் களத்துல நிக்கிறாரு எங்கண்ணன்*
*நட்டுவச்ச மரமாட்டம் நெழலு தாராரு*
*குந்திக்கிட்டா அண்ணனுக்குப் பாட்டு முடிஞ்சிரும்*
*நின்னுக்கிட்டா அண்ணனுக்கு இன்னொண்ணு இருக்கு!*

ஐந்து லயமும் சேர்ந்து சிரித்தது. முகில் கலைகிற மாதிரி ஒரு சிரிப்பு. அவருக்குப் பின்னால் இருந்த ஒருத்தி, "கங்காணி, நீங்க நில்லுங்க, எனக்கு வெயில் படல!" என்றாள். சுப்பையா இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மெதுவாக, கோட்டு மடங்காமல், இருந்த இடத்தில் குந்திக்கொண்டார்.

"ஒன்ஸ் மோர்!"

திரும்பப் பாடினாள். திரும்ப வேகமாக. நான் அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த களத்தில் எஞ்சின் தொரை மட்டும் அழுதுகொண்டிருந்தார். பாதி விரல் கையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. எல்லோரும் அழுதபோது சிரித்த மனிதன்.

நாடகம் முடிந்ததும் படுதாவுக்குப் பின்னால் வந்தார். செல்லாயி இன்னும் ராணிச் சேலையில் இருந்தாள்.

"தொரை எதுக்குச் சிரிச்சீங்க?"

அவருடைய கட்டளைத் தமிழில் அதற்குச் சொல் இல்லை. இங்கிலீஷில் சொன்னார், நான் மாற்றிச் சொன்னேன். அந்தப் பாட்டு ஒப்பாரி இல்லை, கூத்துப் பாட்டு. மனைவி அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு நாடகம் பார்க்கப் போகிறாள். ஜனம் ஒன்ஸ் மோர் கேட்டுக் கேட்டு நாடகம் முடியவே இல்லை. கணவன் வேலையிலிருந்து பசியோடு வந்து பார்த்தால் சட்டி கரிந்து காலி. அதை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறான். செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு ராணி அதே மெட்டை ஆமை நடையில் பாடியதும் அவருக்குத் தாங்கவில்லை.

செல்லாயி யோசித்தாள்.

"அப்ப நான் சட்டிக்கா தொரை ஒப்பாரி வச்சேன்?"

"சட்டிக்கு."

"காலிச் சட்டி?"

"காலி."

"அது பரவால்ல. காலிச் சட்டிக்கு அழுவுறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல."

நான் இதை மாற்றிச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவருக்குப் புரிந்தது. பிறகு சொன்னார்: "நீ வேகமாப் பாடின. எங்க அம்மா அப்பிடிப் பாடும். அந்த வருசம் எங்க வீட்டுச் சட்டி காலி. பாக்க வந்த சனத்து வீட்டுச் சட்டி காலி. எல்லாம் சிரிக்கும். நானும் சிரிச்சேன். சின்னப் புள்ள. தெரியாது."

நாற்பது நாற்பத்தைந்து வருடம் கழித்து, வேறொரு மலையில், வேறொரு மொழியில், அது பசிப் பாட்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது யோசித்தால், எங்கள் நாடகத்தின் ரகசியமும் அவர்கள் நாடகத்தின் ரகசியமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: ஒரே மெட்டு, இரண்டு வேகம். எந்த இடத்தில் அழ வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று மேடையில் இருக்கிறவன் தீர்மானிக்க முடியாது. தங்கச்சி, உங்கள் நாடகத்தில் குறை ஒன்றும் இல்லை. ஜனத்துக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் சுப்பையா கங்காணி உள்ளே வந்தார். எல்லோரும் வழி விட்டோம்.

"சிரிச்சாங்கள்ல?"

"சிரிச்சாங்கண்ணே."

"உன்னையப் பாத்தா?"

"இல்லண்ணே. உங்களப் பாத்து."

அவர் கோட்டுப் பொத்தானைத் தொட்டுத் தொட்டு யோசித்தார். "அப்ப நான் சொன்ன சொல்லுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு இருக்குன்னியே, அது என்னா பாட்டு?" என்று கேட்டார்.

"நின்னிருந்தாத்தான் வரும்."

அடுத்த நாடகத்தில் ராணி பாடிக்கொண்டிருக்கும்போது சுப்பையா கோட்டைச் சரிசெய்கிற சாக்கில் எழுந்து நின்றார். அவள் ஒன்று பாடினாள். குந்திக்கொண்டார். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம், எந்தக் கதையாக இருந்தாலும், எந்த யுத்தம் நடந்துகொண்டிருந்தாலும், நடுவில் ஒரு தடவை அவர் எழுவார். ஜனம் அதற்காகவே காத்திருக்கும். பசறை, அதற்கு அப்பால் என்று நாங்கள் போன இடத்துக்கெல்லாம் கூடவே வந்தார், எழுந்து நிற்பதற்காக. எஞ்சின் தொரை இயந்திரம் ஓடத் தொடங்கிய வாரமே போய்விட்டார். போகும்போது என்னிடம், "மெட்டு வச்சுக்கோ. எங்க ஊர்ல பாட ஆள் இல்ல" என்றார். அவர் சொன்ன ஒரு கட்டளையையாவது நான் ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறேன். இன்றைக்கும் அந்தப் பக்கத்து மலையில் அதைப் பாடிக்கொண்டுதான் கொழுந்து எடுக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்க ஆத்தா பாடுனது" என்பார்கள்.

இனிச் சொல்ல ஒன்றுதான் பாக்கி. இது மேடையில் நடந்ததல்ல.

சில வருடங்களுக்கு முன் சுப்பையா கங்காணி காலமானார். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, லயத்து வாசலில், பட்டப்பகலில், நீளப் பலகை வாங்கில் கிடத்தியிருந்தார்கள். காக்கிக் கோட்டைப் போட்டுவிட்டிருந்தார்கள். பெண்கள் மாறி மாறி ஒப்பாரி வைத்தார்கள். செல்லாயி மட்டும் காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. ஊரையெல்லாம் அழவைத்தவள் சொந்த அண்ணனுக்கு அழவில்லையே என்று கிசுகிசுத்தார்கள். மத்தியானம் தூக்குகிற நேரம் அவள் எழுந்தாள். இடுப்பில் கை வைத்தாள். மெதுவாக எடுத்தாள்.

*நட்டநடு வாசலுல படுத்திருக்கார் எங்கண்ணன்*
*நட்டுவச்ச மரஞ் சாஞ்சு நெழலு போயிருச்சு*
*குந்திக்கிட்டா பாட்டு முடிஞ்சிருமுன்னு சொன்னேனே*
*எந்திரிச்சு நில்லண்ணே, இன்னொண்ணு இருக்கு*

தப்படிக்கிறவர் கம்பைத் தாழ்த்திவிட்டார். அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து, வயதாகி, கொஞ்சம் குடித்தும் இருந்த பெருமாள், நெஞ்சு வெடிக்கிற குரலில் கத்தினார்:

"ஒன்ஸ் மோர்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், முகத்தில் கண்ணீர் வழிய, சாவு வீட்டில், வெட்கமில்லாமல். நானும்தான். எங்கள் பார்வையெல்லாம் வாங்கின் மேல் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒன்ஸ் மோர் கேட்டு எழும்பாமல் கிடந்தது அவர் ஒருவர்தான்.

செல்லாயி திரும்பப் பாடினாள். இந்தத் தடவை வேகமாக, அவருக்குப் பிடித்த மாதிரி. பெட்டி அங்கே இல்லை. என் கால் மட்டும் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தது.